மறக்கச் சொல்லாத சிகிச்சை: பி.டி.எஸ்.டி. பற்றி ஓர் எளிய அறிமுகம்

தருமபுரி-சேலம் ரோட்டில் இருக்கும் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, கிளீனர் இறந்து, ஓட்டுநர் மட்டும் பிழைத்து வீடு வந்து சேர்ந்தால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் முதல் ஆறுதல் ஒன்றுதான்: "அதையே நெனைச்சுக்கிட்டு இருக்காதப்பா, மறந்துடு." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் ஆகியும் அந்த மனிதர் நடுராத்திரியில் அலறி எழுந்து உட்கார்கிறார் என்றால், மறக்கச் சொல்லிப் பயனில்லை. மறக்கப் போராடப் போராட அந்த நினைவு இன்னும் இறுகுகிறது. பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கோளாறுக்கு இன்று இருக்கும் நல்ல சிகிச்சைகள் பெரும்பாலும் வீட்டார் சொல்வதற்கு எதிர்த்திசையில் போகிறவை. நினைவை விட்டு ஓடாமல், அதன் பக்கம் மெல்ல நடக்கச் சொல்பவை.

விபத்து, அடிதடி, பாலியல் கொடுமை, வெடி விபத்து, கண்ணெதிரே நடந்த சாவு என்று உயிரை உலுக்கும் எதையும் அனுபவித்தவருக்கும் நேரில் பார்த்தவருக்கும் இது வரலாம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பத்திரிகைகளில் நீட்டி எழுதுவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் பி.டி.எஸ்.டி. என்றுதான் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-ல் இந்தப் பெயர் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு ஒரு பெரிய காரணம். அதனாலேயே இது பட்டாளத்துக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாமலே வருவதற்குக் காரணங்கள் நிறைய. நாலு வழிச்சாலையில் தினமும் ஏதாவது ஒரு மோதல். 2023 ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7-ல் ஓசூர் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, அங்கே வேலைக்குப் போயிருந்த தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் போய்விட்டார்கள். தப்பித்தவர்களுக்கும், இறந்தவர்களின் வீட்டாருக்கும் தீபாவளி சத்தம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு பக்கம் ராகிக் காட்டுக் காவலில் யானையிடம் மாட்டி உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விட, வீட்டுக்குள் புருஷனிடம் வருஷக்கணக்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதை செய்தியில் வராது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதிர்ச்சிக்கு ஆளான எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில், உலகத்தில் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவது ஒரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வரை போகிறவர்கள் 5.6 சதவீதம்தான். பாலியல் வன்முறைக்கும் போருக்கும் பிறகு இது வெகுவாகக் கூடும். சம்பவம் நடந்த முதல் சில வாரங்கள் தூக்கம் இல்லாமல், பசி இல்லாமல், சின்னச் சத்தத்துக்கும் பதறிக்கொண்டு இருப்பது நோயல்ல. மனசு அப்படித்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு மேலும் அது இறங்காமல், வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கத் தொடங்கினால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி லோடு ஓட்டும் ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப்பாலத்துக்கு முன்னால், பின்னால் வந்த டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் இவர் வண்டியில் மோதியது. கிளீனர் பையன் அங்கேயே இறந்துவிட்டான். இவருக்குக் கால் எலும்பு முறிவு, அது கூடிவிட்டது.

இப்போது அவருக்கு என்னென்ன இருக்கிறது? டீக்கடையில் நிற்கும்போது ஏதோ ஒரு லாரி ஏர் பிரேக்கை விட்டுப் 'புஸ்' என்றால் போதும், அவர் டீக்கடையில் இல்லை. கணவாயில் இருக்கிறார். டீசல் வாசனை, கண்ணாடி நொறுங்கும் சத்தம், பையன் முகம் எல்லாம் அந்த நொடியில் திரும்ப நடக்கின்றன. இது முதல் வகை அறிகுறி. இரண்டாவது, அந்த ரோட்டுப் பக்கமே போகாமல் இருப்பது. சேலம் போக வேண்டுமென்றால் பெரும்பாலை, மேச்சேரி பக்கமாகச் சுற்றுகிறார். டீசல் காசு கையைக் கடிக்கிறது. பையனுடைய ஊர்க்காரர் யாராவது எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுகிறார். மூன்றாவது, மனசுக்குள் படிந்துபோன எண்ணங்கள்: 'நான்தான் கொன்னுட்டேன்', 'எவனையும் நம்ப முடியாது', 'எனக்கு இனிமே ஒண்ணும் இல்ல'. பேத்தியைத் தூக்கினாலும் சந்தோஷம் வருவதில்லை. நான்காவது, உடம்பு எப்போதும் காவலில் நிற்பது. தூக்கம் இல்லை, எரிச்சல் தாங்கவில்லை, தட்டு கீழே விழுந்தால் துள்ளுகிறார்.

இப்படிப்பட்டவர்கள் மனநல மருத்துவரிடம் முதலில் போவதில்லை. நெஞ்சு படபடப்பு என்று போவார்கள். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், நார்மல் என்பார்கள், கேஸ் மாத்திரை கொடுப்பார்கள். பிறகு தலைவலிக்கு ஸ்கேன். கையில் ரிப்போர்ட் கட்டு தடிக்கத் தடிக்க, 'ஒண்ணுமில்லாததுக்கு நடிக்கிறான்' என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிடும். அவர் நடிக்கவில்லை. மூளையில் ஆபத்தை முதலில் உணரும் அமிக்டலா என்ற பகுதி அவருக்கு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. 'அது அன்னிக்கு, இது இன்னிக்கு' என்று நேரத்தையும் இடத்தையும் பிரித்துக் காட்ட வேண்டிய பகுதிகள் சரியாக ஈடுகொடுப்பதில்லை. அந்த நினைவு கயிறு கட்டாமல் ஏற்றிய லோடு மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் உருண்டு வந்து மோதும். சிகிச்சை அந்த லோடை இறக்கி எறிவதில்லை, அடுக்கிக் கட்டித் தருகிறது.

தவிர்ப்பது ஏன் கெடுதல் என்பதை இங்கே பார்க்கலாம். சுற்று வழியில் திரும்பியதும் அவருக்கு நெஞ்சு லேசாகிறது. அந்த நிம்மதி உண்மை. ஆனால் அந்த நிம்மதியோடு சேர்ந்து மூளை ஒரு பாடமும் படிக்கிறது: 'நல்லவேளை போகல, போயிருந்தா செத்திருப்போம்.' அடுத்த முறை பயம் இன்னும் கொஞ்சம் பெரிசாகும். முதலில் தொப்பூர், பிறகு நெடுஞ்சாலை முழுக்க, பிறகு வண்டிச் சாவியே தொட முடியாது என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். 'அவருக்கு ஒத்துக்காது, அந்தப் பேச்ச எடுக்காதீங்க' என்று வீட்டார் பாசத்தில் வேலி கட்டுவார்கள். அந்த வேலிக்குள்தான் நோய் வளர்கிறது.

அந்த அறைக்குள் என்ன செய்வார்கள்

நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வடிவமைத்தது. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் வரை, 8 முதல் 15 அமர்வுகள். முதலில் மூச்சை நிதானப்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். பிறகு, நம்பிக்கை வந்த பின், கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை இப்போது நடப்பது போலச் சொல்லச் சொல்வார்கள். 'இறக்கத்துல வர்றேன். மூணாவது கியர். கண்ணாடியில டிரெய்லர் தெரியுது...' நடுநடுவே சிகிச்சையாளர் ஒன்றே ஒன்று கேட்பார்: "இப்ப பயம் எவ்வளவு? 0-லேருந்து 100-க்குள்ள?" முதல் நாள் அவர் 95 என்பார். அழுவார், வியர்த்துக் கொட்டும். முடித்ததும் சிகிச்சையாளர் அவரை அப்படியே அனுப்பிவிட மாட்டார். சொன்னதைப் பற்றிப் பேசி, பதற்றம் இறங்கிய பிறகே அனுப்புவார். சொன்னது போனில் பதிவாகியிருக்கும்; வீட்டில் தினமும் கேட்டு வர வேண்டும். அதே கதை, அதே குரல், திரும்பத் திரும்ப. சில வாரத்தில் எண் 60 ஆகும், 40 ஆகும். ஒரு கட்டத்தில், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போச்சு என்பார். சிகிச்சையாளர் காத்திருப்பது அந்தச் சலிப்புக்குத்தான்.

வெளியிலும் படிப்படியாகப் பயிற்சி நடக்கும். நிறுத்திய வண்டியில் பத்து நிமிடம் உட்காருவது. மச்சான் ஓட்ட, பக்கத்து சீட்டில் தருமபுரி வரை போவது. பகலில் சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணவாயைக் கடப்பது. அப்புறம் காலி வண்டி. அப்புறம் லோடு. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், பாதியில் ஓடிவரக் கூடாது. ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. எந்தப் படிக்கு எப்போது போவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். 'பயத்த போக்குறேன் பாரு' என்று ஒருநாள் திடீரென்று ஜீப்பில் ஏற்றி ஸ்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தும் சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு முறை எண்ணங்களோடு வேலை செய்கிறது. பட்ரீசியா ரெசிக் என்ற உளவியலாளர் உருவாக்கியது, பொதுவாக 12 அமர்வு. குற்ற உணர்ச்சியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். நம் ஓட்டுநர் எழுதி வருகிறார்: 'நான் ஒழுங்கா ஓட்டியிருந்தா பையன் பிழைச்சிருப்பான்.' சிகிச்சையாளர் 'அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா' என்று சமாதானம் சொல்ல மாட்டார். விசாரிப்பார்.

"நீங்க என்ன வேகத்துல வந்தீங்கண்ணா?"

"நாப்பது இருக்கும்."

"டிரெய்லருக்குப் பிரேக் போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இடிச்சப்புறம்தான்."

"அப்ப தெரியாத ஒண்ணுக்கு எப்படி ஒதுங்கியிருக்க முடியும்?"

கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு, "இல்லைங்க, ஆனாலும் என் வண்டியில வந்த பையன்" என்பார். அந்த 'ஆனாலும்' லேசில் போகாது. அதில் இருப்பது துக்கம், தப்பு அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கே பல வாரங்கள் ஆகும். துக்கம் இருக்கட்டும், அது நியாயம். தப்புச் சுமை மட்டும் இறங்க வேண்டும்.

இ.எம்.டி.ஆர். என்று மூன்றாவது ஒன்று. ஃபிரான்சின் ஷாப்பிரோ என்ற உளவியலாளர் 1987-ல் தொடங்கியது. நினைவை மனசில் நிறுத்திக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்ணால் தொடர வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஏதோ வசியம் போலத் தெரியும், அப்படி ஒன்றுமில்லை. பலன் இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. கண் அசைவுதான் வேலை செய்கிறதா, நினைவை எதிர்கொள்வதுதான் வேலை செய்கிறதா என்ற சண்டை மட்டும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஓயவில்லை.

மாத்திரை விஷயம். செர்ட்ராலின், பராக்ஸ்டின் போன்றவை உதவுகின்றன. வேலை காட்டச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்றோ, நன்றாகிவிட்டது என்றோ தானாக நிறுத்தக் கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குத் தீர்வு அல்ல, பழக்கமாகிவிடும். குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கும் அதே பதில்தான். குடி ஆளைச் சாய்க்கும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கெடுத்துக் கனவுகளைக் கூட்டிவிடும். குடியை விட்டுவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பாமல் இரண்டையும் சேர்த்தே கவனிக்கும் மருத்துவர் கிடைத்தால் நல்லது.

மந்திரிப்பது, தாயத்து, வேப்பிலை அடிப்பது பற்றிக் கேட்பார்கள். கோயிலுக்குப் போய் மனசு ஆறுகிறது என்றால் போகட்டுமே, மாத்திரைக்கும் அதற்கும் பகையில்லை. பேய் ஓட்டுகிறேன் என்று சாட்டையால் அடிப்பதும் கட்டிவைப்பதும் மட்டும் கூடவே கூடாது. அடிபட்ட மனசுக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

ஆபத்து இன்னும் போகவில்லை என்றால்

மேலே சொன்ன படிப்படிப் பயிற்சி ஒரு கணக்கின்மேல் நிற்கிறது: ஆபத்து முடிந்துவிட்டது, பயம் மட்டும் பாக்கி. அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. யானை இன்றிரவும் வரலாம். அவரை 'பயப்படாம காவலுக்குப் போய்ப் படு' என்பது சிகிச்சை ஆகாது. அவருக்கு எது நிஜ ஆபத்து, எது பழைய பயம் என்று பிரிப்பதுதான் முதல் வேலை. ராத்திரி தனியாகக் காட்டில் படுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். பட்டப்பகலில் வாழைத்தோப்பில் இலை அசைந்தால் உறைந்து நிற்பது நோய். இரண்டாவதை மட்டும் தொட வேண்டும்.

அடிக்கிற புருஷனோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் முதல் தேவை பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. வருஷக்கணக்கில் நடந்த கொடுமைக்குப் பிறகு வருவதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் தனியாகவே குறிக்கிறது. அதற்குச் சிகிச்சை நீளும். பொறுமை வேண்டும்.

வாச்சாத்தியைச் சொல்லாமல் தருமபுரியில் இதைப் பற்றிப் பேச முடியாது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மக்களை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ல் சொன்னது. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். நீதி சிகிச்சை ஆகிவிடாது. ஆனால் 'தப்பு உன்மேல் இல்லை' என்று சிகிச்சை அறையில் ஒருவர் காதில் மெல்லச் சொல்ல வேண்டியதை, அங்கே ஒரு நீதிமன்றம் ஊரறியச் சொன்னது. அதன் எடை தனி.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. போலீசிடம், வக்கீலிடம், நிருபரிடம் அதே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் சிகிச்சையில் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே கேட்பவர் வேகத்துக்குச் சொல்ல வேண்டும், சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சிகிச்சையில் வேகம் சொல்பவர் கையில் இருக்கிறது, நிறுத்தும் உரிமையும் அவருக்கே. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'எப்படி ஆச்சு?' என்று முதலிலிருந்து கேட்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். சம்பவம் நடந்த சூட்டில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வதால் பின்னால் நோய் வருவது தடுக்கப்படுவதில்லை. அதை இப்போது மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. முதல் நாட்களில் சோறு, தூக்கம், பாதுகாப்பான இடம், சொந்தக்காரருக்குப் போன். அவராகப் பேசினால் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பழைய நினைவு பிடித்து ஆட்டும் நேரத்தில் தோளைப் பிடித்து உலுக்க வேண்டாம். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'இது நம்ம வீடு, இன்னிக்கு வியாழக்கிழமை, நான் உங்க பக்கத்துலதான் இருக்கேன்' என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லலாம், கையில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கலாம். உடம்பு 'இப்போது'க்குத் திரும்பிவிடும். கெட்ட கனவு ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால், பகலில் உட்கார்ந்து அந்தக் கனவின் முடிவை வேறு மாதிரி மாற்றி எழுதி, படுக்கும் முன் மனசில் ஓட்டிப் பார்க்கும் ஒரு பயிற்சியும் உண்டு. சிகிச்சையாளரைக் கேட்டுச் செய்யலாம்.

குணமாவது நேர்கோட்டில் நடக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திதி வரும், அல்லது வழக்கில் சம்மன் வரும், தூக்கம் இரண்டு வாரம் போய்விடும். 'எல்லாம் வீணாப்போச்சு' என்று அர்த்தமில்லை. கற்ற பயிற்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே போவது? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை எட்டும் தூரம்தான். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கே போங்கள்.

ஒரு நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டமான ஓ.பி.யில் மருத்துவருக்கு உங்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார நேரம் இருக்காது. மேலே சொன்ன பேச்சு சிகிச்சைகளில் பயிற்சி பெற்றவர்கள் நம் மாவட்டங்களில் எளிதில் கிடைப்பதும் இல்லை. அதனால் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடாமல், 'டாக்டர், இதுக்குப் பேச்சு சிகிச்சை குடுக்குற சைக்காலஜிஸ்ட் யாருங்க?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீடியோவில் செய்தாலும் இந்தச் சிகிச்சைகள் பலன் தருகின்றன என்பதால், சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பவரிடம் போன் வழியாகவும் தொடர முடியும். முதல் நாள் போகும்போது முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. 'இந்த மாசம் இந்த விபத்து நடந்தது, அதுக்கப்புறம் தூக்கம் இல்ல, அந்தச் சத்தம் கேட்டா திரும்ப அங்கயே போயிடுறேன், வண்டி எடுக்க முடியல.' ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதி எடுத்துப் போனால்கூடப் போதும். பழைய ஈ.சி.ஜி., ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே பரிசோதனைகளைத் திரும்ப எடுக்கச் சொல்லாமல் இருப்பார்கள்.